வழிமறிச்சான்

உயரமான ஆள் வேண்டும் என்றார் பென்ஹர்.
புளியரையில் ஆறடி இரண்டங்குலம் நான் ஒருத்தன்தான்.
கறிக்கோழி வண்டி ஓட்டுகிறவனுக்குச்
சினிமா வாய்ப்பு இப்படித்தான் வந்தது:
நாளொன்றுக்கு அறுநூறு, ராத்திரி புரோட்டா தனி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
அமாவாசையன்று கோட்டைவாசல் வளைவில் நிற்கும்.
அடிக்காது, கடிக்காது.
விடிகிறவரை வழி விடாது, அவ்வளவுதான்.
அதன் முதுகைப் பார்த்தவர் கிடையாது.

உடம்பைத் தென்காசியில் தைத்தார்கள்.
சோபாவுக்குப் போடுகிற ரெக்ஸின்,
மேலே தேங்காய் நார், கொஞ்சம் சவுரிமுடி.
பாதத்துக்கு லாரி டியூப்.
கண் இரண்டும் பழைய பைக்கின் பின்விளக்கு,
பேட்டரி என் வயிற்றில்.
கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளியில் ஒரு ஜிப்.
அது மட்டும் கேமராவில் விழக்கூடாது.
அதனால் மூன்று ராத்திரியும்
பின்பக்கமாகவே காட்டுக்குள் போனேன்.
இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தேன்.
இரண்டாவதை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

பணம் போட்டவர் புனலூர் வர்கீஸ்குட்டி.
ரப்பர் ஷீட் விலை இறங்க இறங்க
படத்திலும் ஆட்கள் குறைந்தார்கள்.
முதலில் ஜெனரேட்டர் போனது,
பிறகு கதாநாயகியின் அண்ணன் செத்தான்.
எழுதியதில் அவன் கடைசிவரை உயிரோடு இருந்தான்.

நாலாம் ராத்திரி எல்லை தாண்டிவிட்டோம்.
அந்தப் பக்கத்து மரங்கள்தான் மரம் மாதிரி இருக்கின்றன
என்றார் பென்ஹர்.
அனுமதிக் கடிதத்தில் அந்தப் பக்கம் இல்லை.
ஆரியங்காவு வனத்துறை ஜீப்பின் வெளிச்சம் தெரிந்ததும்
லைட்டை அணைத்து, குடையைச் சுருட்டி,
எல்லோரும் டெம்போவில் ஏறினார்கள்.
நான் புதருக்குள் ஜிப்போடு இழுபறியில் இருந்தேன்.
நாரில் சிக்கியிருந்தது.
கூப்பிட்டேன். தலைக்குள் போட்ட ஸ்பாஞ்சில்
என் குரல் எனக்கே எட்டவில்லை.

ரோட்டில் நடந்தேன்.
வைக்கோல் லாரி ஒன்று எதிரே இறங்கியது.
கையை ஆட்டினேன்.
நின்றது. விளக்கு அணைந்தது.
கதவுகளைப் பூட்டும் சத்தம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
பிறகு கண்ணாடி இடுக்கு வழியாக
ஒரு எலுமிச்சம்பழம் வந்து என் காலடியில் உருண்டது.
என்ன செய்வது என்று தெரியாமல்
ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன்.
போகிற போக்கில் கிளீனர் பையன்
கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

உள்ளே வேர்வை முழங்காலுக்கு இறங்கியிருந்தது.
எறும்புகள் வேறு.
பின்விளக்குக் கண்கள் மங்கி, ஒன்று அணைந்தது.
மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன்,
அதையும் துடைக்க முடியாத கை.

மூன்றரை மணி இருக்கும்.
பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் என் நிழலை நீட்டியது.
தலையில் விளக்கு கட்டி, கையில் பால்வெட்டும் கத்தியோடு
ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவள்.
ஓடவில்லை. கிட்டே வந்து
முதுகில் விரலால் தட்டினாள்.
'உள்ளில் ஆளுண்டோ?'
உண்டு என்றேன்.
'அனங்காதே' என்றாள், அசையாமல் நின்றேன்.
சிக்கிய நாரைக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து
ஒரே இழுப்பு.
காற்று வந்தது.
காற்று என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரியும்.
பேர் கேட்டேன், ஓமனா என்று சொல்லிவிட்டு
மரங்களுக்குள் போய்விட்டாள்.
அங்கங்கே அவள் விளக்கு குனிந்து நிமிர்ந்தது.

படம் வரவில்லை.
ஹார்ட் டிஸ்க் வர்கீஸ்குட்டியின் பீரோவில்,
இரண்டாயிரத்து நானூறு பாக்கி பென்ஹரிடம்.
நான் பழையபடி கோழி ஏற்றிக்கொண்டு
வாரம் மூன்று நடை அந்தப் பக்கம் போகிறேன்.

போன மாதம் ஆரியங்காவு சாயாக்கடையில்
ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.
அதன் முதுகில் வெள்ளிக்கோடு ஒன்று உண்டாம்,
கழுத்திலிருந்து இடுப்புவரை, மின்னுமாம்.
வெட்டுக்காரி ஒருத்தி கண்ணால் பார்த்திருக்கிறாள்.
அந்தக் கோடு பிளந்து
உள்ளேயிருந்து ஒருத்தன் அழுதுகொண்டே இறங்கினான்
என்றும் அவள் சொல்கிறாளாம்.
அதை யாரும் நம்பவில்லை, பாவம், பயந்திருப்பாள்.

நீங்க ராத்திரி ஓட்டுறவராச்சே,
முதுகைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.
சாயாவுக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.